உதிரும் முடியும் எண்ணெய் வாங்கும் நற்பெயரும்

கேமரன் மலையில் விளையும் இரண்டு இலைகள் இப்போது பெண்களின் தலைமுடிக்கு மருந்தாகிவிட்டன. ஒன்று ரோஸ்மேரி, மற்றொன்று தேயிலை. கியா பார்ம் சந்தைக்கு மேலே, போ நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்டத்துச் சரிவுகளிலிருந்து கீழே நகரத்து அடுக்குமாடி வீடுகள் வரை ஒரே பேச்சுதான். ரோஸ்மேரி காய்ச்சிய தண்ணீரைத் தெளி, ஆறிய தேயிலைச் சாற்றில் தலையை அலசு, கறிவேப்பிலையும் கரிசலாங்கண்ணியும் வெந்தயமும் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைத் தேய், கொட்டிய முடி திரும்பும் என்கிறார்கள். கேள்வி கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "இயற்கையானதுதானே, பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே." அந்தப் பதிலைத்தான் நான் மறுக்கிறேன். கெடுதல் இருக்கிறது.

எண்ணெயின் நன்மைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். தேங்காய் எண்ணெய் முடியிழைக்குள் ஊடுருவி, அலசும்போதும் சீவும்போதும் ஏற்படும் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று காட்டியது. சிக்கு குறையும், நுனி உடைவது குறையும், பளபளப்பு வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளை உட்காரவைத்து அம்மா எண்ணெய் தேய்த்துவிடுவதில் இருக்கும் பரிவுக்கு ஈடு கிடையாது. தலைமுடியைப் பேண எண்ணெய் நல்லது. முடி உதிர்வுக்கு மருந்தாக அதை நம்புவதுதான் என் சிக்கல்.

வெளியே தெரியும் முடி உயிரற்ற இழை. உதிர்வைத் தீர்மானிக்கும் வேர்ப்பை தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. கடும் காய்ச்சல், டெங்கி, அறுவை சிகிச்சை, பட்டினி போட்டு எடை குறைத்தல், பிள்ளைப்பேறு என்று உடம்பை உலுக்கும் எதுவும் வளர்ந்துகொண்டிருக்கும் வேர்களை ஒரே நேரத்தில் ஓய்வுக்குத் தள்ளும். இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று நம் பாட்டிமார் சொன்னார்களே, அந்த மாதக் கணக்கு மிகச் சரியானது. அவர்கள் கவனித்த இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: குழந்தைக்கு ஒரு வயது நிறையும்போது பெரும்பாலான தாய்மாருக்கு முடி தானாகவே திரும்பிவிடும்.

எண்ணெய்க்குச் சொல்லப்படும் சாட்சியங்கள் எல்லாம் இங்கேதான் பிறக்கின்றன. முடி மிக மோசமாகக் கொட்டும் மாதத்தில்தான் ஒரு பெண் பதறிப்போய் புட்டியை வாங்குகிறாள். அடுத்த சில மாதங்களில் உடம்பு தானே தேறுகிறது. புதுமுடி நெற்றியோரம் எட்டிப் பார்க்கிறது. உடனே முன்னும் பின்னுமாக இரண்டு படங்கள் வருகின்றன. அவள் பொய் சொல்லவில்லை, கண்டதைத்தான் சொல்கிறாள். ஆனால் எதையும் தேய்க்காமல் இருந்திருந்தாலும் அந்த முடி வந்திருக்கும் என்பதை அந்தப் படம் சொல்லாது. தானே திரும்பும் முடிக்கு எண்ணெய் பெயர் வாங்கிக்கொள்கிறது. திரும்பாத முடிக்கோ, "ஒழுங்காகத் தேய்க்கவில்லை, பொறுமை இல்லை, ரொம்பக் கவலைப்படுகிறாய்" என்று பெண்ணே பழி ஏற்கிறாள். எப்படிப் போனாலும் தோற்காத மருந்தை எவ்வாறு சோதிப்பது?

ஆய்வே இருக்கிறது என்பார்கள். ரோஸ்மேரிக்காக எல்லாரும் காட்டுவது 2015இல் வெளிவந்த ஈரானிய ஆய்வு. அதில் பங்கேற்ற 100 பேரும் ஆண்கள். ரோஸ்மேரி எண்ணெயை, முடி உதிர்வுக்குத் தலையில் பூசும் மருந்தான 2 விழுக்காடு மினாக்சிடிலோடு ஆறு மாதம் ஒப்பிட்டார்கள். எதுவுமே பூசாத மூன்றாவது குழு அதில் இல்லை. இதை வைத்துக்கொண்டு பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் ரத்தச் சோகை உள்ள பெண்ணுக்கும் ஒரே புட்டியை நீட்டுவது எந்த வகையில் நியாயம்? தேயிலைச் சாற்றுக்குக் காஃபீனைக் காரணம் காட்டுகிறார்கள். காஃபீன் ஷாம்பு ஒன்று முடி உதிர்வைக் குறைக்க உதவும் என்று விளம்பரம் செய்ததை, போதிய சான்று இல்லை என்று 2018இல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் தடுத்தது. ஆசியான் நாடுகளின் அழகுப்பொருள் வழிகாட்டி நெறியும், முடி உதிர்வை நிறுத்தும் என்றோ முடி வளர்ச்சியைத் தூண்டும் என்றோ அழகுப்பொருள்கள் சொல்லக்கூடாது என்கிறது. மலேசியாவும் அந்த நெறிக்கு உட்பட்ட நாடுதான். ஆனாலும் அதே வாசகங்கள் கைப்பேசியில் நாள்தோறும் வந்து விழுகின்றன.

இனி, நான் சொன்ன கெடுதலுக்கு வருகிறேன். பணத்தைவிடப் பெரிய இழப்பு காலம். பெண்ணின் முடி உதிர்வு பல நேரங்களில் உடம்பு அனுப்பும் தகவல். தைராய்டு கூடினாலும் குறைந்தாலும் முடி கொட்டும். மாதவிலக்கு தவறி, தாடையில் முடி அரும்பி, தலையில் முடி குறைந்தால் சினைப்பை நீர்க்கட்டிச் சிக்கலை நினைக்க வேண்டும். வட்டமாகச் சொட்டை விழுவது வேறு நோய். இறுக்கிப் போட்ட கொண்டை நெற்றியோர முடியை இழுத்தே அழிப்பது வேறு. வகிடு ஆண்டுக்காண்டு அகன்றுகொண்டே போவது பரம்பரை வகை. 1977இல் லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் அதை மூன்று படிகளாகப் பிரித்தார். முதல் படியில் மருத்துவம் தொடங்கினால் இருப்பதைக் காக்கலாம். வேர்கள் சுருங்கிப்போன பிறகு வந்தால் மீட்பது கடினம். இத்தனைக்கும் ஒரே எண்ணெய் என்கிற பழக்கம், "எதனால்?" என்ற கேள்வியையே பெண்ணிடமிருந்து பறித்துவிடுகிறது.

மலேசியாவின் 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வுப்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் ஏறத்தாழ பத்தில் மூவருக்கு ரத்தச் சோகை. இரும்புச் சத்துக் குறைவு முடி உதிர்வில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ரத்தச் சோகைக்கு மருத்துவம் தேவை என்பதில் வேறுபாடு இல்லை. தேயிலை மலையில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பசியாறும்போதும் சோற்றோடும் குடிக்கும் தே ஓ என்ற பாலில்லாத் தேநீர், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடும். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் விடுவது, தேயிலைச் சாற்றைத் தலையில் ஊற்றுவதைவிடப் பயனுள்ள அறிவுரை. அதை எந்தக் காணொளியும் சொல்வதில்லை.

எண்ணெயின் கூடவே விற்கப்படும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை இன்னொரு படி மேலே போகிறது. ஒரு நாளைக்குத் தேவை சுமார் 30 மைக்ரோகிராம். கடையில் கிடைப்பது 5,000, 10,000. இவ்வளவு பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் தைராய்டு உள்ளிட்ட சில பரிசோதனைகளின் முடிவுகள் தவறாக வரக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. நோயைக் கண்டறியும் வழியையே அடைக்கும் பொருளைக் கெடுதல் இல்லாதது என்று எப்படிச் சொல்வது?

மருந்துக் கடைச் சரக்குக்காக நான் வாதாடவில்லை. பெண்களுக்கென 1991இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மினாக்சிடிலுக்கும் எல்லைகள் உண்டு. பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும், நிறுத்தினால் கிடைத்தது போய்விடும், கர்ப்பிணிகள் தொடக்கூடாது. ஆனால் அதன் எல்லைகள் சோதித்து அறியப்பட்டவை, பெட்டிக்குள் எழுதி வைக்கப்பட்டவை. எண்ணெய்ப் புட்டியில் அப்படி எதுவும் இல்லை.

மலையில் இருப்பவர்களுக்கு மருத்துவர் எங்கே கிடைப்பார் என்று கேட்கலாம். தோல் நிபுணரைப் பார்க்க ஈப்போவுக்கு இறங்க வேண்டியிருக்கும் என்பது உண்மை. முதல் படிக்கு நிபுணர் தேவையில்லை. அரசு கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி. தானா ராத்தாவில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ரத்த அளவு, இரும்புச் சேமிப்பு, தைராய்டு ஆகிய மூன்றையும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். எப்போது தொடங்கியது, அதற்கு மூன்று மாதம் முன்பு உடம்புக்கு என்ன நேர்ந்தது, மாதவிலக்கு சீராக வருகிறதா, என்னென்ன மாத்திரை விழுங்குகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அதன் பிறகு அம்மா கையால் எண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள். மகளுக்கு முடி கொட்டினால் அவளை முதலில் கிளினிக்குக் கூட்டிப் போங்கள்.