‘மீள்திறன்’: பந்தும் கையும்

சென்ற ஆண்டு குயிலாப்பாளையத்தில் ஒரு தையல் கூடத்தின் மேற்பார்வையாளர்களுக்கு நடந்த பயிற்சி வகுப்புக்கு மொழிபெயர்ப்பாளனாகப் போயிருந்தேன். பயிற்சியாளர் ‘ரெசிலியன்ஸ்’ என்றார். நான் ‘மீள்திறன்’ என்றேன். முன்வரிசையில் இருந்த அக்கா ஒருவர், “அப்படின்னா தாங்கிக்கிறதா சார்?” என்றார். இல்லையென்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பயிற்சியாளர் ஒரு ரப்பர் பந்தை நசுக்கிக் காட்டி, எவ்வளவு அழுத்தினாலும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறவரே தலைவர் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அக்காவின் மொழிபெயர்ப்புதான் சரி.

பந்தை நசுக்கும் கை யாருடையது என்ற கேள்வி அங்கே எழவில்லை. எழாமல் பார்த்துக்கொள்வதே இச்சொல்லாடலின் வேலை. மேலிருந்து வரும் உற்பத்தி இலக்குக்கும் கீழிருந்து வரும் ஏச்சுக்கும் நடுவே நிற்கிறவர் மேற்பார்வையாளர். இலக்கைக் குறைக்கவோ ஆள் கூட்டவோ அவருக்கு அதிகாரமில்லை; தலைவர் என்ற பட்டம் மட்டும் உண்டு. மிஞ்சுவது சொந்த மனசு ஒன்றுதான். அதைச் சரிசெய்துகொள்ளச் சொல்கிறார்கள்: மூச்சுப் பயிற்சி, நாட்குறிப்பு, நேர்மறைச் சிந்தனை. கூடத்தின் சிக்கல் உடலின் சிக்கலாக இடம் மாற்றப்படுகிறது. உலக சுகாதார நிறுவனமே 2019இல் ‘பர்ன் அவுட்’டைப் பணியிடம் சார்ந்த நிகழ்வாகத்தான் வகைப்படுத்தியது, நோயாக அல்ல.

இந்தச் சொல்லுக்கு மரியாதையான வரலாறும் உண்டு. உளவியலாளர் எம்மி வெர்னர், ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். வறுமை, குடும்பச் சிதைவு எனப் பல இடர்களுக்கிடையே வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தேறினார்கள். குழந்தையின் சுபாவம் ஒரு காரணம். பாட்டியோ ஆசிரியரோ, நம்பிப் பற்றிக்கொள்ள ஓர் ஆள் இருந்தது இன்னொரு காரணம். நிர்வாகவியலுக்குள் முதலாவது மட்டும் நுழைந்தது. பாட்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஊராட்சி அலுவலகமும் ஒரு பணியிடம்தானே. பக்கத்துக் கடலூர் மாவட்டத்தின் தெற்குத்திட்டைக்குப் போவோம். அப்போது ஊராட்சித் தலைவராக இருந்தவர் ராஜேஸ்வரி, தலித் பெண். மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, கூட்டத்தில் அவர் தரையில் அமர்ந்திருக்கும் புகைப்படம் 2020 அக்டோபரில் வெளியானது. பந்துக் கணக்கில் பார்த்தால் இதைவிட மீள்திறன் கொண்ட தலைவர் கிடைப்பாரா? அவர் தாங்கத் தாங்க, பழைய வடிவத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது ஊர்தான். படம் வெளிவந்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகி, ஊராட்சிச் செயலர் கைதான பிறகே அது அசைந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் ஊராட்சித் தலைவர் அமிர்தத்தைக் கொடியேற்ற விடவில்லை. ஆகஸ்ட் 20 அன்று, ஆட்சியர் முன்னிலையில் ஏற்றினார். இடைப்பட்ட ஐந்து நாளில் அவருடைய மனஉறுதியா வளர்ந்தது? செய்தி வெளியே வந்தது, அரசு வந்து பக்கத்தில் நின்றது.

அப்படியானால் தனிமனித உறுதி ஒன்றுமே இல்லையா என்று தோழர்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் நான் மதிப்பது, இனித் தாங்க மாட்டேன் என்று வாய் திறந்த அந்தக் கணத்தை. அதை எந்தப் பயிற்சிக் கையேடும் மீள்திறன் என்று எழுதுவதில்லை. நம் சங்கங்களிலும் இலக்கிய அமைப்புகளிலும் மட்டும் என்ன வாழ்கிறதாம்? பொறுப்புக்கு வரும் பெண்ணிடம், தலித்திடம், “தோழர், கொஞ்சம் பொறுத்துக்கணும்” என்கிறோமே, அப்போது நம் கையிலும் ஒரு பந்துதான்.

வகுப்பு முடிந்ததும் கருத்துப் படிவம் கொடுத்தார்கள். அந்த அக்கா என்னிடம் நீட்டி, “எழுதுங்க சார், எனக்கு ரெண்டு ஹெல்பர் வேணும்” என்றார். இன்று என்ன கற்றீர்கள், எப்படி உணர்கிறீர்கள் என்பதற்கெல்லாம் கட்டம் இருந்தது. இதற்கு இல்லை. ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்.