கொடையா, கடனா?

1991-ஆம் ஆண்டு பிரிட்டனில், எச்ஐவி தொற்றிய ஹீமோஃபீலியா நோயாளிகளிடம் ஒரு தாள் நீட்டப்பட்டது. ரத்தம் உறையாத பிறவிக் குறைபாட்டுக்காக அவர்கள் போட்டுக்கொண்ட மருந்தின் வழியாகவே அந்தக் கிருமி உடலில் ஏறியிருந்தது. கையெழுத்துப் போட்டால் பணம் கிடைக்கும்: மணமாகாதவருக்கு 23,500 பவுண்டு, பிள்ளைகள் உள்ளவருக்கு 60,500 பவுண்டு. கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது. எச்ஐவிக்காக மட்டுமல்ல, ஹெபடைடிஸுக்காகவும் இனி வழக்குப் போடுவதில்லை என்று எழுதிக்கொடுக்க வேண்டும். தங்கள் ஈரலில் ஹெபடைடிஸ் சி கிருமியும் இருப்பது அவர்களில் பலருக்கு அப்போது தெரியாது. இன்னும் எத்தனை நாள் உயிரோடிருப்போம் என்று எண்ணிக்கொண்டிருந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

கறைபட்ட ரத்தத்துக்குப் பிரிட்டிஷ் அரசு அளித்த பதிலின் குணம் முழுவதும் அந்தத் தாளில் அடக்கம்.

நடந்தது இதுதான். 1970-களில் வந்த ஃபேக்டர் 8 மருந்து ஹீமோஃபீலியா நோயாளிகளுக்கு வரமாகத் தோன்றியது. வீட்டிலேயே ஊசி போட்டுக்கொள்ளலாம், பள்ளிக்குப் போகலாம், வேலைக்குப் போகலாம். ஆனால் ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து அதைத் தயாரித்தார்கள். அவர்களில் ஒருவருக்குக் கிருமி இருந்தாலும் மொத்தமும் கெட்டது. பிரிட்டன் இறக்குமதி செய்த அமெரிக்க மருந்தில் காசுக்கு ரத்தம் விற்றவர்கள், சிறைக்கைதிகள் ஆகியோரின் பிளாஸ்மாவும் சேர்ந்திருந்தது. 1983 மே மாதத்திலேயே தொற்றுநோய்க் கண்காணிப்பு அதிகாரி ஸ்பென்ஸ் கால்பிரெய்த், அமெரிக்க மருந்துகளைத் திரும்பப் பெறும்படி சுகாதாரத் துறைக்கு எழுதினார். திரும்பப் பெறவில்லை. ரத்தம் ஏற்றிக்கொண்ட பிற நோயாளிகளையும் சேர்த்து 30,000-க்கும் மேற்பட்டோருக்கு எச்ஐவியோ ஹெபடைடிஸோ தொற்றியது. ஏறத்தாழ 3,000 பேர் இறந்தார்கள். ஹாம்ப்ஷயரில் உள்ள ட்ரெலோர் உறைவிடப் பள்ளியில் 1970-க்கும் 1987-க்கும் இடையில் படித்த ஹீமோஃபீலியா மாணவர்கள் 122 பேர். அவர்களில் 2024-இல் உயிரோடிருந்தவர்கள் 30 பேர் அளவில்தான்.

இவர்களுக்கு அரசு கண்ட வழி அறக்கட்டளை. 1987-இல் ஒரு கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டு, மறு ஆண்டு மக்ஃபார்லன் அறக்கட்டளை தொடங்கியது. பின்னர் ஐலீன் அறக்கட்டளை, 2004-இல் ஸ்கிப்டன் நிதி, 2011-இல் காக்ஸ்டன் அறக்கட்டளை என்று ஒன்றன்பின் ஒன்றாக நிதிகள் முளைத்தன. கொடுத்தது அத்தனையும் 'கருணைத் தொகை'. 'இழப்பீடு' என்ற சொல்லை அரசு கவனமாகத் தவிர்த்தது.

இந்த ஏற்பாட்டில் நன்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மருத்துவரின் அலட்சியத்தை நீதிமன்றத்தில் நிரூபிப்பது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். எய்ட்ஸைக் கட்டுக்குள் வைக்கும் மருந்து இல்லாத 1988-இல் நோயாளிகளுக்கு அத்தனை ஆண்டுகள் இல்லை. யார் குற்றவாளி என்ற கேள்வியை ஒத்திவைத்துவிட்டுக் கையில் பணத்தைக் கொடுத்தது சிலருக்குக் கடைசிக் காலத்தையாவது எளிதாக்கியது.

ஆனால் ஒத்திவைத்த கேள்வி ஒத்திவைத்தபடியே கிடந்தது. கருணைக்கு அளவுகோல் நோயாளியின் தேவைதான். எனவே மெத்தைக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும்கூட விண்ணப்பம் எழுதி வறுமையை மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. பிச்சை கேட்பதுபோல் இருந்தது என்று பலர் பிற்பாடு சாட்சியம் சொன்னார்கள். கருணைக்குத் தேதியும் உண்டு. ஸ்கிப்டன் நிதி முதல் கட்டமாக 20,000 பவுண்டு கொடுத்தது. ஆனால் 2003 ஆகஸ்ட் 29-க்கு முன் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு ஆரம்பத்தில் எதுவும் இல்லை. அமைச்சர் திட்டத்தை அறிவித்த நாள் அது. அதற்கு முந்தைய நாள் செத்தவர் கணக்கில் வரவில்லை. ரத்தம் ஏற்றியதற்கு ஆவணம் கொண்டுவா என்றார்கள். மருத்துவமனையே அந்த ஆவணத்தை அழித்திருந்தால் அதன் பலனையும் நோயாளியே அனுபவித்தார்.

அன்று கிடைத்த மருத்துவ அறிவுக்கு எட்டிய மிகச் சிறந்த சிகிச்சையையே கொடுத்தோம் என்று அரசு பல ஆண்டுகள் ஒரே பல்லவியைப் பாடியது. சர் பிரையன் லாங்ஸ்டாஃப் தலைமையிலான பொது விசாரணை 2024 மே 20 அன்று அந்தப் பல்லவி பொய் என்றது. சுகாதாரத் துறையின் கோப்புகள் 1993-இல் வேண்டுமென்றே அழிக்கப்பட்டன என்றும் கண்டது.

குற்றத்தை ஒப்புக்கொள்ளாத அரசால் முறையாக ஈடு கொடுக்க முடியாதா? பக்கத்து வீடான அயர்லாந்து கொடுத்தது. குறை யாருடையது என்று விசாரித்து முடிப்பதற்கு முன்பே, 1995-இல், அங்கே இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைந்தது. நீதிமன்றம் தரக்கூடிய அளவுக்கு, இழந்ததைக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். மறு ஆண்டு வந்த சட்டம் இலவச மருத்துவ வசதிகளையும் சேர்த்தது. அதற்கு இணையாகக் கொடுங்கள் என்று 2009-இல் இந்த விவகாரத்தைத் தனியாக விசாரித்த ஆர்ச்சர் பிரபு குழு பரிந்துரைத்தபோது, அயர்லாந்து தன் தவற்றை ஏற்றதால்தான் கொடுத்தது, எங்கள் நிலை வேறு என்று லண்டன் மறுத்தது. நோயாளி ஒருவர் வழக்குப் போட்டார். அந்த வாதம் உண்மைக்குப் புறம்பானது என்று 2010-இல் உயர் நீதிமன்றம் அரசின் முடிவை ரத்துசெய்தது. ஆக, தடையாக நின்றது சட்டச் சிக்கல் அல்ல. 'உனக்கு என்ன தேவை' என்று கேட்ட அரசு, 'உன்னிடமிருந்து எதை எடுத்துவிட்டோம்' என்று கேட்க மறுத்தது.

2024-இல் அந்தக் கேள்வி ஒருவழியாகக் கேட்கப்பட்டது. பிரதமர் ரிஷி சுனக் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். சட்டப்படி இழப்பீட்டு ஆணையம் பிறந்தது. அடுத்த அரசு 1,180 கோடி பவுண்டு ஒதுக்கியது. புதிய திட்டத்தின் பலம் அதன் கணக்குமுறை. உடற்கேடு, சமூக ஒதுக்கம், பராமரிப்பு, வருமான இழப்பு ஆகியவற்றோடு, தன் உடல்மீதான உரிமை பறிபோனதற்கும் தனித் தொகை உண்டு. மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர் தம் சொந்த உரிமையில் கேட்கலாம். மெத்தைக்கு மனுப் போட்ட காலத்தோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம்.

ஆனாலும் பழைய பழக்கம் விடவில்லை. திட்டத்தை வகுக்கும்போது பாதிக்கப்பட்டவர்களை முறையாகக் கலந்தாலோசிக்கவில்லை. சம்மதமின்றித் தங்கள்மீது ஆராய்ச்சி நடத்தப்பட்ட ட்ரெலோர் மாணவர்களுக்கு அதற்கென முதலில் வைத்த விலை 15,000 பவுண்டு. 1982-க்கு முன் எச்ஐவி தொற்றியவர்களைத் திட்டம் விலக்கியது; லாங்ஸ்டாஃப் 2025 ஜூலையில் கூடுதல் அறிக்கை எழுதிய பிறகே அதைத் திருத்த அரசு இசைந்தது. அப்போது முழு இழப்பீடு பெற்றிருந்தவர்கள் சில நூறு பேர். மற்றவர்கள் தாமாக விண்ணப்பிக்க முடியவில்லை. ஆணையம் அழைக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்தபடியே சிலர் இறந்தார்கள்.

1991-இல் தாளை நீட்டும் நேரத்தை அரசு முடிவு செய்தது. 2025-இல் அழைக்கும் நேரத்தையும் அதுவே முடிவு செய்தது. கொடை என்ற பெயர் போய்க் கடன் என்ற பெயர் வந்தது உண்மையான முன்னேற்றம்தான். ஆனால் கடன் கொடுத்தவரை வரிசையில் நிறுத்தி, கடன்பட்டவர் டோக்கன் வழங்கிக்கொண்டிருக்கிறார்.