கை யாருடையது?

பழைய பதிவுகளை வெட்டி ஒட்டும் சாம்பிளிங் இசையைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம்மாட்கள் ‘ஆசிரியன் செத்துட்டான்’ என்று கொண்டாடிவிடுகிறார்கள். சரி, செத்தது யார்?

1969இல் தி வின்ஸ்டன்ஸ் குழுவின் ‘ஆமென், பிரதர்’ பதிவில் கிரிகரி கோல்மன் என்ற கறுப்பினக் கலைஞர் தனியாக டிரம் வாசித்தது சுமார் ஆறு விநாடி. அதை நறுக்கி, வேகம் கூட்டித்தான் 1990களின் லண்டன் ஜங்கிள் இசை ஓடியது. ஆயிரக்கணக்கான பதிவுகள், எத்தனையோ பேருக்கு அதுவே பிழைப்பு. கோல்மனுக்குக் காலணா வரவில்லை. 2006இல் வீடில்லாமல் செத்துப்போனார்.

பிரதிக்கு ஆசிரியன் வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். உழைத்தவனுமா வேண்டாம்? பதிப்புரிமையும் (இங்கே சிலருக்கு அதுதான் சர்வரோக நிவாரணி) உரிமையாளனைத்தான் பார்க்கும், குச்சி பிடித்த கையைப் பார்க்காது. 2015இல் ரசிகர்கள் திரட்டிய 24,000 பவுண்டு உரிமை வைத்திருந்த குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்குப் போனது.