உடன்பாடும் ஒப்பந்தமும்: மன்னார்குடி 1944 குறித்த ஒரு சட்டத் திறனாய்வு

ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படைகளைக் கற்பிக்கும் பாடநூல்கள் பெரும்பாலும் 1893ஆம் ஆண்டின் இலண்டன் கார்பாலிக் புகையுருண்டை வழக்கைத் தொட்டுக்கொண்டே தொடங்குகின்றன. விளம்பரம் செய்த நிறுவனம் ஒருபுறம். அதை நம்பி மருந்து வாங்கிய பெண்மணி மறுபுறம். இருவருக்கும் நீதிமன்றத்தின் கதவு திறந்தே இருக்கிறது. முனைவு, ஏற்பு, மறுபயன் என்னும் மூன்றையும் விளக்க இத்தகைய வழக்குகள் வசதியானவை. ஆனால், ஒருவரையொருவர் சமமாக நோக்கும் நிலையிலேயே இல்லாத இரு தரப்பினர் ஒரே தாளில் கையொப்பமிடும்போது அக்கருத்தாக்கங்கள் என்னவாகின்றன என்னும் வினாவை அவை எழுப்புவதில்லை. அவ்வினாவுக்குரிய களம் காவிரிப் படுகையிலேயே உண்டு. 1944இல் மன்னார்குடியில் மிராசுதார்களுக்கும் விவசாயிகள் சங்கத்துக்கும் இடையே ஏற்பட்ட இணக்கம் இயக்க வரலாறுகளில் 'மன்னார்குடி ஒப்பந்தம்' எனப் போற்றப்படுகிறது. அதனைச் சட்டத்தின் கண்கொண்டு வாசித்த முயற்சிகள் அரிது.

முதலில் சொல்லைப் பார்க்கலாம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 2ஆம் பிரிவு இரண்டு நிலைகளைப் பிரித்துக் காட்டுகிறது. ஒருவருக்கொருவர் மறுபயனாக அமையும் வாக்குறுதிகள் உடன்பாடு ஆகும். சட்டத்தால் செயற்படுத்தத்தக்க உடன்பாடே ஒப்பந்தம் ஆகும். இவ்வேறுபாட்டைக் கறாராகப் பின்பற்றினால், மன்னார்குடியில் நிகழ்ந்தது ஒப்பந்தமா என்பதே ஐயத்துக்குரியதாகிவிடுகிறது. பேச்சுவார்த்தையில் அமர்ந்தோர் ஒவ்வொரு மிராசுதாரின் முகவர்களாகவும் இருந்தனரா? கையொப்பமிடாத பண்ணையாள் ஒருவர், கையொப்பமிடாத நிலக்கிழார் ஒருவர்மீது அத்தாளைக் காட்டி வழக்குத் தொடுத்திருக்க முடியுமா? முடியாது என்பதே 1872ஆம் ஆண்டுச் சட்டம் தரக்கூடிய நேரான விடை.

தென்பரை போன்ற சிற்றூர்களில் வேர்விட்டு, பி. சீனிவாசராவ் போன்றோரால் வளர்க்கப்பட்ட சங்கம் முன்வைத்த கோரிக்கைகள் கூலியோடு நின்றுவிடவில்லை. சவுக்கடி கூடாது, சாணிப்பால் புகட்டக் கூடாது, கூலி நெல்லை முத்திரையிட்ட மரக்காலால் அளக்க வேண்டும் என்பவை அவற்றுள் முதன்மையானவை. இவ்விடத்தில்தான் சட்டக் கோட்பாடு உண்மையான இடருக்கு உள்ளாகிறது. ஒருவர் ஏற்கெனவே சட்டப்படி செய்யக் கடமைப்பட்ட ஒன்றைச் செய்வதாக வாக்களித்தால் அது மறுபயன் ஆகாது என்பது பொதுச் சட்ட மரபின் பழைய விதி. அமெரிக்காவின் ஒப்பந்தச் சட்டத் தொகுப்புரையும், தனது இரண்டாம் பதிப்பின் 73ஆம் பிரிவில், ஐயத்துக்கிடமில்லாத சட்டக் கடமையைப் பொறுத்தவரை இதனையே கூறுகிறது. பிறரை அடித்துக் காயப்படுத்துதல் 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின்படி குற்றமாகவே இருந்தது. பொய்யளவைகளைக் கையாளுதலும் அதே சட்டத்தின் தனி இயல் ஒன்றில் குற்றமாக்கப்பட்டிருந்தது. ஆகவே 'இனி அடிக்கமாட்டோம், சரியாக அளப்போம்' என்னும் வாக்குறுதி, பாடநூலின் கணக்கில், வெறுமையான வாக்குறுதி. எண்பதாண்டுகளுக்கு மேலாக ஏட்டில் இருந்த சட்டத்தை மிராசுதார்கள் மீண்டும் ஒருமுறை வாக்களித்து ஏற்றுக்கொண்டனர், அவ்வளவே.

அவ்வளவேதானா? இக்கோட்பாட்டின் குறைபாடு இங்கு வெளிப்படையாகத் தெரிகிறது. சட்டம் எல்லாருக்கும் பொதுவானது என்னும் அனுமானத்தின்மீதே மேற்கண்ட விதி நிற்கிறது. சேரியில் வாழ்ந்த பண்ணையாளுக்குத் தண்டனைச் சட்டம் நடைமுறையில் எட்டாதிருந்த சூழலில், எட்டாத சட்டத்தை எட்டச் செய்யும் வாக்குறுதிக்கு மதிப்பில்லை என்று கூறுதல் தருக்கத்துக்குப் பொருந்தலாம்; நடப்புக்குப் பொருந்தாது. மன்னார்குடித் தாள் புதிதாகத் தந்தது உரிமையன்று. தரப்பு என்னும் தகுதி. அதுவரை பண்ணையின் உடைமைகளுள் ஒன்றாக எண்ணப்பட்டவர், மறுதரப்பாக ஏற்கப்பட்டார். மறுபயன் கோட்பாட்டில் இதற்கு இடமில்லை என்பது அக்கோட்பாட்டின் போதாமையே.

இசைவு பற்றிய பகுதியும் இதே சிக்கலுக்கு உரியது. 16ஆம் பிரிவு தகாத செல்வாக்கை வரையறுக்கிறது. மற்றவர் விருப்பத்தை ஆட்டிப்படைக்கும் நிலையிலிருப்பவர் நியாயமற்ற பேரத்தால் பயனடைந்தால், மெய்ப்பிக்கும் சுமையை அவர்மீதே ஏற்றுகிறது. 25ஆம் பிரிவின் விளக்கம் மறுபயனின் போதாமையை, இசைவு தடையற்றதா என்று ஆராய்வதற்கான சான்றாகக் கொள்ள இடம் தருகிறது. படிக்கும்போது பண்ணையாளுக்கென்றே எழுதப்பட்டவை போலத் தோன்றும் விதிகள் இவை. ஆயின் இவற்றின் விளைவு, உடன்படிக்கை தவிர்தகு நிலையை அடைதல் மட்டுமே. தவிர்க்க விரும்புபவர் நீதிமன்றம் வரவேண்டும். மேலும் 64ஆம் பிரிவு, தவிர்ப்பவர் பெற்ற நன்மையைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. திருமணத்துக்கும் சாவுக்கும் முன்பணம் வாங்கியே பண்ணையில் கட்டுண்டவருக்கு இதன் பொருள் என்ன? கட்டிலிருந்து விடுபட, கட்டுண்டமைக்குக் காரணமான தொகையை முதலில் எண்ணி வைக்க வேண்டும் என்பதே. உழவுக்கூலி வாழ்வைக் கனவிலும் அறியாத ஒருவர் எழுதிய பிரிவு இது என்று கூறினால் மிகையாகாது.

அமெரிக்காவில் இதே முடிச்சு வேறு வழியில் அவிழ்க்கப்பட்டது. அலபாமா மாநிலத்தில் அலோன்சோ பெய்லி என்னும் கறுப்பினத் தொழிலாளி, மாதம் 12 டாலர் கூலிக்கு ஓராண்டு உழைப்பதாகக் கையொப்பமிட்டு 15 டாலர் முன்பணம் பெற்றார். ஒரு மாதத்துக்குச் சற்று மேல் உழைத்துவிட்டு வெளியேறினார். முன்பணத்தைத் திருப்பித் தராமல் வேலையை விட்டாலே ஏமாற்றும் நோக்கத்துக்குச் சான்று என்றது அம்மாநிலச் சட்டம். 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென அறிவித்தது. அதற்கு அது துணைகொண்டது ஒப்பந்தச் சட்டத்தை அன்று; அடிமைமுறையை ஒழித்த 13ஆம் அரசமைப்புத் திருத்தத்தை. ஒப்பந்தத்தை மீறியவர் இழப்பீடு தரலாம். ஆனால் தண்டனை அச்சத்தால் அவரை உழைக்கவைக்க இயலாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். இந்தியாவிலோ முன்பணம் வாங்கிய தொழிலாளியைக் குற்றவியல் வழியில் வேலைக்கு இழுக்கும் 1859ஆம் ஆண்டு 13ஆம் சட்டம் 1920களின் நடுப்பகுதிவரை ஏட்டில் இருந்தது. முன்னோர் பெற்ற முன்பணத்துக்காக உழைப்பதையும், சாதியில் பிறந்த காரணத்தால் உழைப்பதையும் கொத்தடிமை எனப் பெயரிட்டு, அதற்கு அடிப்படையான உடன்படிக்கைகளை இல்லாநிலையவை ஆக்கியது 1976ஆம் ஆண்டுச் சட்டம்.

இதனால் அமெரிக்க மரபை முன்மாதிரியாகக் கொள்ளலாம் எனக் கருதுதல் பிழையாகும். பெய்லி தீர்ப்புக்கு ஆறாண்டுகளுக்கு முன், 1905இல், லாக்னர் வழக்கில் அதே நீதிமன்றம் ரொட்டிச் சுடுவோரின் வேலை நேரத்துக்கு வரம்பு விதித்த நியூயார்க் சட்டத்தை ஒப்பந்தச் சுதந்திரத்தின் பெயரால் வீழ்த்தியது. 1937இல் வெஸ்ட் கோஸ்ட் ஹோட்டல் வழக்கில்தான் அந்நிலை மாறியது. தொழிலாளர் கூட்டுப் பேரத்தைக் காத்த 1935ஆம் ஆண்டுத் தேசியத் தொழிலுறவுச் சட்டமும் வேளாண் தொழிலாளரை வெளியே நிறுத்திவிட்டது. அவ்வகையில், அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டம் வயலில் உழைப்போருக்கு மறுத்த கூட்டுப் பேரத்தை, சட்டத்தின் துணையின்றியே 1944இல் மன்னார்குடி நடத்திக்காட்டியது எனலாம்.

சமூகங்கள் தகுதிநிலையிலிருந்து ஒப்பந்தத்தை நோக்கி நகர்கின்றன என்று ஹென்றி மெய்ன் 1861இல் எழுதினார். தஞ்சை வரலாற்றை விளக்க இக்கூற்றை எடுத்தாளுவோர் 1952ஐக் கவனிக்க வேண்டும். அவ்வாண்டு இராஜாஜி அரசு கொண்டுவந்த தஞ்சாவூர் குத்தகைதாரர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், விளைச்சலில் குத்தகைதாரருக்கு 40 விழுக்காட்டை உறுதிசெய்தது; பண்ணையாளின் வேலைக்குப் பாதுகாப்பு அளித்தது. நிலக்கிழார் பலர் தந்த எதிர்வினை, பண்ணையாளை வைத்துக்கொள்வதையே கைவிட்டு அன்றாடக் கூலிக்கு ஆள் அமர்த்துவது. தகுதிநிலை மறைந்து ஒப்பந்தம் வந்தது உண்மையே. ஆனால் வந்தது விடுதலையாக அன்று. பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வழியாக. மெய்னின் சூத்திரம் இந்தத் திசைமாற்றத்தைக் காட்டாது.

குத்தகையின் கதை சற்று வேறு. 1956ஆம் ஆண்டு நியாய வாரச் சட்டத்தில் கணக்குத் தலைகீழானது: நன்செயில் 40 விழுக்காடு நிலவுடைமையாளருக்கு, எஞ்சியது உழுபவருக்கு. அதற்கு முந்தைய ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், வெளிப்படையான அல்லது உட்கிடையான குத்தகை உடன்படிக்கையின்கீழ் உடலுழைப்பால் பயிரிடுபவரையே சாகுபடிக் குத்தகைதாரர் என வரையறுத்தது. 'உட்கிடையான' என்னும் அச்சொல்லே அச்சட்டத்தின் உயிர்ப்பகுதி. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு எழுத்துச் சான்று கேட்கும் அமெரிக்க மாநிலங்களின் மோசடித் தடுப்பு விதிகளை மன்னார்குடி வட்டத்தின் கோயில் நிலங்களிலும் மடத்து நிலங்களிலும் அப்படியே பொருத்தியிருந்தால், தலைமுறைகளாக உழுதோரில் பெரும்பாலோர் அத்துமீறி நுழைந்தோர் ஆகியிருப்பர்.

எனினும் உட்கிடையை மெய்ப்பிக்கும் சுமை உழுபவர் தோளிலேயே இருந்தது. நெல்லாக அளந்த வாரத்துக்குப் பற்றுச்சீட்டு கேட்பது பகையை வரவழைக்கும். கேட்காமல் விடுவது வழக்கைத் தோற்கவைக்கும். குத்தகை உரிமைகளைப் பதிவுசெய்ய 1969இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டதே இக்குறையின் ஒப்புதலாகும். அப்பதிவேட்டில் பெயர் ஏறியவர் யார், ஏறாமற்போனவர் யார் என்பதை ஊர்வாரியாக ஒப்பிடும் ஆய்வு மன்னார்குடி வட்டத்துக்கு இன்றியமையாதது. 1944இன் தாளில் தரப்பாக ஏற்கப்பட்ட பண்ணையாளுக்கு அப்பதிவேட்டில் இடமே இல்லை; அவர் குத்தகைதாரர் அல்லர்.