கடைசிப் பிரதிக்கு யார் பொறுப்பு?

பொது நூலகம் நூல்களைக் கழிப்பதே தவறு என்று சொல்ல முடியாது. காலாவதியான வரி விளக்க நூலும் பழைய பாடத்திட்டத் தேர்வு நூலும் அலமாரியை அடைத்துக்கொண்டிருந்தால் புதியவற்றுக்கு இடமிராது. நூலகத்தை வளரும் உயிராகக் கண்ட நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளை விளக்கும்போது, அந்த உயிர் பழையதை உதிர்க்கும் என்பதையும் ஏற்றுக்கொண்டார். எதை உதிர்ப்பது என்பதில்தான் சிக்கல். வெளியான ஆண்டு, கடைசியாக இரவல் போன தேதி ஆகிய இரண்டையும் வைத்தே பெரும்பாலும் முடிவெடுக்கிறார்கள். ஓர் ஊரில் அச்சாகி அந்த ஊருக்குள்ளேயே புழங்கிய தலவரலாறு, கும்பாபிஷேக மலர், நகராட்சி நூற்றாண்டு மலர், உள்ளூர்ப் புலவரின் பதிகம் போன்றவற்றுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. பத்தாண்டுக்கு ஒருவர்தான் அவற்றைத் தேடி வருவார். வருகிற அவருக்கு மாற்று நூல் கிடையாது. நூல் கழிப்பதற்கென்றே டெக்சாஸில் உருவாகி அமெரிக்க நூலகர்கள் பரவலாகக் கைக்கொள்ளும் கையேடுகூட, வேறிடத்தில் எளிதில் கிடைக்குமா என்று கேட்கச் சொல்கிறது. உள்ளூர் வரலாற்றுக்கு விலக்கும் தருகிறது.

அந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால் என்ன நேரும் என்பதற்கு சான் பிரான்சிஸ்கோ சான்று. அங்கே 1996இல் புதிய மைய நூலகம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு எழுத்தாளர் நிக்கல்சன் பேக்கர், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் குப்பைமேட்டுக்குப் போயின என்று ‘நியூயார்க்கர்’ இதழில் எழுதினார். நிர்வாகம் அந்தக் கணக்கை மறுத்தது. எண்ணிக்கையைப் பற்றிய தகராறு இருக்கட்டும். பழைய அட்டைப் பட்டியலைக் காப்பாற்ற அவர் வழக்காட வேண்டியிருந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கணினிப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கிவிட்டால் அந்த நூல் அங்கே இருந்ததற்கே தடயம் இராது. அப்போது அட்டை ஒன்றே சாட்சி.

மின்னாக்கம் செய்துவிட்டால் மூலம் எதற்கு என்று கேட்பார்கள். நுண்படச் சுருள் வந்த காலத்திலும் இதையேதான் கேட்டார்கள். அமெரிக்க நூலகங்கள் நாளிதழ்த் தொகுதிகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்துவிட்டு மூலத்தைத் தள்ளிவிட்டன. ‘நியூயார்க் வேர்ல்டு’ இதழின் வண்ணச் சித்திரங்கள் சுருளில் வண்ணமிழந்தன. பிரிட்டிஷ் நூலகம் தன்னிடமிருந்த அமெரிக்க நாளிதழ்களை விற்க முன்வந்தபோது, பேக்கர் 1999இல் சொந்தச் சேமிப்பைப் போட்டு வாங்கினார். இன்று அவை ட்யூக் பல்கலைக்கழகத்தில் உள்ளன. படமெடுப்பது வேண்டாம் என்பதல்ல. ஒரு மூலப் பிரதியாவது எங்கோ பத்திரமாக இருக்கிறது என்று உறுதி செய்த பிறகே மற்றதைக் கழிக்க வேண்டும்.

நம்மிடம் சென்னைக் கன்னிமாரா நூலகம் இருக்கிறதே, 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர்கள் அதற்கும் ஒரு பிரதி அனுப்புகிறார்களே என்று சிலர் ஆறுதல் சொல்லக்கூடும். அதற்கு முன்பு அச்சானவை அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. விழாவுக்கென்று சிற்றூர் அச்சகத்தில் அடித்து இலவசமாகக் கொடுத்த மலர்களை யார் அனுப்பினார்கள்? இத்தனைக்கும் கன்னிமாராவின் தொடக்கமே கழிக்கப்பட்ட நூல்கள்தாம்: இங்கிலாந்தின் ஹெய்லிபரி கல்லூரியில் மிகுதியென்று ஒதுக்கிய நூல்கள் 1860களில் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன, அதிலிருந்தே 1896இல் பொது நூலகம் எழுந்தது. நூல் சேகரிப்பாளர் கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் சேர்த்தார். இரவல் கணக்குப் பார்த்தால் அதில் பாதி தேறாது. அவர் 1992இல் காலமான பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது; 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. தமிழ் அச்சுப் பண்பாட்டை ஆராய்கிறவர் அங்கே போகாமல் இன்று எதையும் எழுத முடியாது.

இடமும் ஆளும் பணமும் போதாது என்ற நூலகர்களின் குறை நியாயமானது. கிளை நூலகரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆனால் 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தால் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிற மக்களுக்கு, தங்கள் ஊர் நூல்கள் எங்கே போகின்றன என்று கேட்கும் உரிமை உண்டு. மாவட்ட நூலக ஆணைக்குழுக்கள் கழிவுப் பட்டியலை முன்கூட்டியே பொதுவில் வெளியிடட்டும். உள்ளூரில் அச்சான ஒவ்வொரு நூலுக்கும் கன்னிமாராவிலோ ரோஜா முத்தையா நூலகத்திலோ பிரதி உண்டா என்று பார்த்து, இல்லையென்றால் அங்கே அனுப்பிவைக்கட்டும். அதுவரை ஒரு நூலையும் பழைய பேப்பர் கடைக்கு எடை போடக் கூடாது.