குடிகாரனுக்கு வேலை கிடையாதா?

நம்முடைய கதைகளில் வரும் குடிகாரனை வாசகர்கள் நன்றாக அறிவார்கள். இரவு ஒன்பது மணிக்குத் தள்ளாடிக்கொண்டு வருவான், மனைவியை அடிப்பான், குழந்தை அழும். கடைசிப் பக்கத்தில் ஒன்று திருந்துவான், இல்லாவிட்டால் சாவான். பகலெல்லாம் அவன் எங்கே இருந்தான், என்ன வேலை செய்தான், கூலியை யார் கையிலிருந்து எப்போது வாங்கினான் என்ற விவரம் மட்டும் கதையில் இராது.

இந்தப் பாத்திரத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1929-இல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காகவே ராஜாஜி 'விமோசனம்' என்ற பத்திரிகையை நடத்தினார். கல்கி கூட இருந்து அதில் கதைகள் எழுதினார். நோக்கம் உயர்ந்தது, எழுத்தும் நல்ல எழுத்துத்தான். ராஜாஜியின் 'திக்கற்ற பார்வதி'யைப் படித்துக் கலங்காதவர் யார்? 1937-இல் சேலம் ஜில்லாவிலும், 1948-இல் மாகாணம் முழுவதிலும் மதுவிலக்கு வந்தது. பின்னால் வந்த கதாசிரியர்கள் அந்த நோக்கத்தை விட்டுவிட்டு அச்சை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் என் குறை.

தூத்துக்குடிக் கரையைப் பற்றிய நாவல்களில் இந்த அச்சு உடைகிறது. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) மணப்பாட்டுக் கதை. குரூஸ் மிக்கேல் குடிக்கிறார். ஆனால் அவரை நினைத்தால் நமக்கு முன்னால் வந்து நிற்பது அவருடைய வல்லம். சாராயப் புட்டி அல்ல. லாஞ்சுகள் வந்து கடலில் போட்டியிட, பெற்ற பிள்ளையே வல்லத்தை விற்றுவிடச் சொல்ல, அந்த மனிதர் படும் பாட்டில் குடி ஒரு மூலையில் இருக்கிறது. அது இருக்கவேண்டிய இடம் அதுதான்.

கடல் தொழிலில் மாதச் சம்பளம் கிடையாது. மீன் விற்ற பணத்தில் வல்லத்துக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு. ஒரு நாள் கை நிறைய வரும்; பத்து நாள் வெறுங்கை. முத்துக்குளிப்பிலும் அப்படித்தான். அரசாங்கம் வெகுகாலம் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை முழுகியவர்களுக்கு விட்டது. (1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளோடு அது நின்றும் போயிற்று.) மேலே கயிறு பிடிப்பவன் போதையில் இருந்தால் முழுகியவன் கதி என்ன ஆவது? அப்படிப்பட்ட தொழிலில் குடிக்கு இடம் கரையில்தான். பங்கு பிரிந்த பிறகு, கூட உயிரைப் பணயம் வைத்த கூட்டாளிகளோடுதான். முதல் தேதியில் வாடகையையும் மளிகைக் கணக்கையும் தீர்த்துவிட்டு மூச்சு விடும் நமக்கு, இப்படி வரும் பணத்தின் குணம் எளிதில் புரியாது.

ஜோ டி குருஸ் 'ஆழி சூழ் உலகு' (2004) நாவலில் கடலில் தத்தளிக்கும் மூன்று பேரின் கதையோடு ஆமந்துறையின் அரை நூற்றாண்டைப் பின்னியிருக்கிறார். அந்த மூவரோடு சில நாள் கட்டுமரத்தில் கிடந்தவன், கரையில் குடிப்பவனுக்கு உபதேசம் செய்யச் சற்றே தயங்குவான்.

அதற்காக, "பாவம், உடம்பு வலிக்குக் குடிக்கிறான்" என்று இரக்கப்படும் கட்சியிலும் என்னால் சேர முடியவில்லை. ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' (1979) தூத்துக்குடி உப்பளத்துக் கதை. வெள்ளை வெயிலில் கண் கூச, உப்புநீரில் கால் வெடிக்க, ஆணுக்குச் சமமாகப் பெண்ணும் அங்கே உழைக்கிறாள். வலி அவளுக்கும் அதேதான். வேலை முடிந்ததும் கடைக்குப் போவது அவளல்ல. அடுப்பு மூட்ட வீட்டுக்குப் போகிறாள். வலிதான் காரணம் என்றால் அவளுடைய வலிக்கு என்ன மருந்து? இரக்கக் கட்சிக்காரர்கள் இந்தக் கேள்வியை எழுப்புவதே இல்லை. பங்குப் பணம் வீட்டுக்கு வருமுன் எவ்வளவு கரைந்தது என்பதை அறிந்தவளும் அவளே. பிரசாரக் கதையில் அவள் அழுகிறாள். இரக்கக் கதையில் காணாமலே போகிறாள். இரண்டில் எது மோசம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பழைய கதைகளில் கள்ளுக்கடை முதலாளி என்று ஒரு வில்லன் இருந்தான். 2003 முதல் சில்லறைக் கடையை அரசாங்கத்தின் டாஸ்மாக்கே நடத்துவதால் அந்த வசதியும் போயிற்று. கம்பிக்குப் பின்னால் நின்று புட்டியை எடுத்துக் கொடுப்பவர் தொகுப்பூதியக்காரர். அவருக்கும் வீட்டில் முதல் தேதிக் கணக்கு இருக்கும். அவரைப் பற்றி ஒரு நல்ல கதை இதுவரை என் கண்ணில் படவில்லை.