யார் நீ?

விதையில் மரம் அடங்கியிருப்பதுபோல, முதற்காட்சியில் நாடகம் அடங்கியிருக்கிறது. 1600ஆம் ஆண்டை ஒட்டி சேக்சுபியர் தீட்டிய ஆம்லெத்து நாடகத்தைப் பாருங்கள். நள்ளிரவு, கோட்டைக் காவல். காவலில் நிற்பவனன்றோ வருபவனை யாரெனக் கேட்கவேண்டும்? அங்கோ, காவல் மாற்ற வருபவன், நிற்பவனைக் கேட்கிறான்! முறைமாறிய அவ்வொரு வினாவில் நாட்டின் அச்சம் புலப்படுகிறது. எவரையும் நம்பவியலாது இளவரசன் பின்னர் படும் தவிப்புக்கு அங்கேயே அடித்தளம் இடப்படுகிறது.

இதனைக் கற்க நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. கள்ளக்குறிச்சி வட்டாரத் தெருக்கூத்திலும் முதல் வினா அதுவே. முதலில் தோன்றுபவன் மன்னனல்லன், கட்டியக்காரன். இருவர் திரை பிடிக்க, அதன்பின் நின்று துரியோதனன் பாடுகிறான். ஏவலாளோ விடுவதாயில்லை, யாரென்று கேட்கிறான், ஊரும் பேரும் கேட்கிறான், இடையிடையே எள்ளி நகைக்கிறான். மன்னன் தன் பெருமையைத் தானே சொல்லிக்கொள்ள வேண்டியவனாகிறான். அந்தச் செருக்கே அவன் பண்பு, அதுவே அவன் வீழ்ச்சிக்கும் வித்து என்பதை மக்கள் அப்போதே உணர்கின்றனர்.

ஆனால், அவ்வினா பின்னர் என்னவாகிறது? துகிலுரியும் காட்சியில் அது திரௌபதியின் நாவுக்கு மாறுகிறது. தன்னையே தோற்றவனுக்கு மனைவியைப் பணயம் வைக்க உரிமை ஏது என்கிறாள். சான்றோர் நிறைந்த அவை வாய் திறக்கவில்லை. பல ஊர்களில் அவ்விடத்தே சூடம் ஏற்றப்படுகிறது; துச்சாதன வேடம் பூண்டவரே கைகூப்புகிறார். சேலை வளர்கிறது, சிந்தனை தேய்கிறது! நீதி கேட்டவள் தெய்வமாக்கப்பட்டாள். கேட்ட கேள்விக்கு விடை எங்கே?

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழும் கல்வராயன் மலையில் ஜாகிர்தார் ஆதிக்கம் ஒழிந்தது 1976இல்தான். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்து! சிரித்துவிட்டுக் கலையும் கேள்வியால் எந்த அரியணையும் ஆடுவதில்லை.

கூத்தைக் கைவிடச் சொல்லவில்லை நாம். முதற்காட்சியின் வினாவை இறுதிக்காட்சி வரை எடுத்துச்செல்லும் கூத்து வேண்டுமென்கிறோம். அரக்கன் எனப்பட்டவனை இணையற்ற வீரனாக 1934இல் மேடையேற்றிக் காட்டினார் பாரதிதாசன். பழங்கதையைப் புதுக்கண்ணால் எழுத இயலும் என்பதற்கு அது சான்று.

புதுக்கூத்து எழுதப் புகும் தோழர்களே! மன்னனின் வருகையை மறித்துக் கேட்ட கட்டியக்காரன், துகில் பறிக்கும் அவையிலும் கேட்கட்டும். விடை சொல்லாமல் எந்த மன்னனும் திரைக்குப் பின்னே திரும்பக்கூடாது.